மணிக்கூடுகள் வாழும் மாளிகை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்களை ஊன்றி நோக்கினால், அவை இடத்தைக் குறிக்கும் பெயர்களாக மட்டும் தோன்றா. காலத்தைக் குறிக்கும் பெயர்களாகவும் தோன்றும். கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூருக்குச் செல்லும் பெருவீதியில் உள்ள தன்னாமுனை எழுவான்கரையைச் சேர்ந்த ஊர். அங்கே மாலைப்பொழுதில் வாவியோரம் நிற்பவர், தாம் எழுவான்கரையில் நின்றுகொண்டு படுவான்கரையில் ஞாயிறு மறைவதைக் காண்பர். வானமே முகப்பாகவும் கதிரவனே முள்ளாகவும் அமைந்த பெரியதொரு மணிக்கூடு அது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. அது நின்று போவதுமில்லை.

இத்தகைய ஊரில் பிறந்து, தோணியும் வலையுமாக வாழ்ந்து முதிர்ந்த மீனவர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம், நேயர்களே. விண்மீன்களைப் பார்த்து வைகறையை அறிபவர் அவர். நிலவின் வளர்ச்சியையும் தேய்வையும் கொண்டு வலை வீசும் இரவைத் தெரிந்தெடுப்பவர். கைக்கடிகாரம் கட்டிப் பழகாத இப்பெரியவரை ஹைதராபாத்துக்கு அழைத்துச் சென்று, மூசி ஆற்றின் தென்கரையில் உள்ள சாலர் ஜங் நூதனசாலையின் மணிக்கூட்டுக் கூடத்திலே நிறுத்தினால் அவர் என்ன காண்பார், என்ன கேட்பார் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் அந்நூதனசாலையின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. ஹைதராபாத் நிசாமின் அரசில் திவான் பதவி வகித்த குடும்பம் ஒன்றின் பட்டப்பெயரே சாலர் ஜங் என்பது. அக்குடும்பத்தில் மூன்றாவதாக அப்பட்டம் பெற்றவர் மீர் யூசுப் அலி கான். 1889ஆம் ஆண்டு பிறந்த இவர், 1912இல் திவானாகி, 1914இல் அப்பதவியை விட்டு நீங்கினார். அதன் பின்னர் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் கலைப்பொருள் திரட்டுவதே அவர் வாழ்வாயிற்று. ஓவியம், சிற்பம், ஏட்டுச்சுவடி, பளிங்குப் பாண்டம், தந்தவேலை, படைக்கலம் என்று அவர் வாங்காத பொருள் இல்லை எனலாம். 1949இல் அவர் மறைந்தபொழுது மணமாகாதவர், பிள்ளை இல்லை. பொருள்களோ மாளிகை நிறைய இருந்தன. 1951ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி, திவான் தேவடி என்னும் அவரது அரண்மனையிலேயே நூதனசாலை அமைக்கப்பெற்று, பிரதமர் ஜவஹர்லால் நேருவினால் திறந்துவைக்கப்பட்டது. 1961இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினால் அது நாட்டின் முக்கிய நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. 1968இல் இன்றுள்ள கட்டடத்திற்கு இடம் மாறியது. ஒரு தனி மனிதரின் ஆசை, இவ்வாறு ஒரு நாட்டின் உடைமை ஆயிற்று.

அங்குள்ள மணிக்கூடுகளைக் காண்பவர் முதலில் திகைப்பர். தூபி வடிவிலமைந்த சூரிய கடிகாரம் முதலாக இருபதாம் நூற்றாண்டின் மணிக்கூடு ஈறாக, பல தலைமுறைக் கைவினை அங்கே நிரல்பட நிற்கின்றது. பிரான்சு, இங்கிலாந்து, சுவிற்சர்லாந்து, ஜெர்மனி, ஒல்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை அவை. ஆளுயரத்தினும் உயர்ந்த நெடும்பெட்டி மணிக்கூடுகளும் உண்டு; உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டு நோக்க வேண்டிய சின்னஞ்சிறு மணிக்கூடுகளும் உண்டு. மேற்றகட்டை வெட்டி நீக்கிச் சக்கரங்களையெல்லாம் வெளியே காட்டி நிற்கும் எலும்புக்கூட்டு மணிக்கூடுகள் ஒருபுறம். பறவைக்கூண்டின் வடிவிலே செய்த மணிக்கூடுகள் மற்றொருபுறம்.

நம் பெரியவருக்குச் சூரிய கடிகாரம் புதுமையன்று. நிலத்தில் நட்ட கம்பின் நிழலைப் பார்த்துப் பொழுது சொல்வது நாட்டுப்புறத்தில் பழகிப்போன ஒன்று. பழந்தமிழர் நிழலோடு நின்றுவிடவும் இல்லை. அடியிலே நுண்ணிய துளையுடைய வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் நேரத்தை ஒரு நாழிகை என வகுத்தனர். நாழிகை ஒன்றுக்கு இருபத்துநான்கு நிமிடம். அறுபது நாழிகை ஒரு நாள். பாசறையிலே நீர்க்கடிகை கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகின்றது. மழைநாளிலும் நள்ளிரவிலும் நிழல் உதவாது, நீர் உதவும். அதனால் நீர்க்கடிகை நிழற்கடிகையினும் ஒரு படி உயர்ந்தது என்க.

அடுத்து, நெடும்பெட்டி மணிக்கூட்டின் முன் நிற்போம். உள்ளே ஒரு பாரம் தொங்குகின்றது. அது கீழே இறங்க முயல்கின்றது. அம்முயற்சியே சக்கரங்களைச் சுழற்றுகின்றது. தடையின்றி விட்டால் பாரம் ஒரே வீச்சில் விழுந்துவிடும். சக்கரங்களும் ஒரு கணத்தில் சுழன்று ஓயும். அவ்வாறு ஓடாமல், பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி நிறுத்தி விடுவதற்கு ஒரு கொளுவி உண்டு. அக்கொளுவியை ஆட்டுவது ஊசல். ஊசல் ஒருமுறை ஆடினால் ஒரு பல் விடுபடும். அப்பொழுது எழுவதே நாம் கேட்கும் ‘டிக்’ என்னும் ஒலி. ஆகவே மணிக்கூட்டின் அருமை அதன் ஓட்டத்தில் இல்லை. ஓட்டத்தை அளவாகத் தடுத்து நிறுத்துவதிலேயே உள்ளது.

ஊசலின் ஆட்டம் அதன் நீளத்தைப் பொறுத்தது என்பதை இத்தாலிய அறிஞர் கலிலியோ ஆராய்ந்தார். அவ்வுண்மையைக் கொண்டு 1656இல் முதல் ஊசல் மணிக்கூட்டை அமைத்தவர் ஒல்லாந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். அதற்கு முன்னர் நாளொன்றுக்குக் கால்மணி அளவு தவறிய மணிக்கூடுகள், அதன் பின்னர்க் கால் நிமிட அளவே தவறின. ஓர் ஆட்டத்திற்கு ஒரு விநாடி கொள்ளும் ஊசலின் நீளம் ஏறத்தாழ ஒரு மீற்றர். நெடும்பெட்டி மணிக்கூடு அத்தனை உயரமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. 1672இல் ஜான் றிஷே என்னும் பிரெஞ்சு வானியலாளர், பாரிஸ் நகரில் சரிபார்த்த ஊசல் மணிக்கூட்டைத் தென் அமெரிக்காவில், பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள கயேன் என்னும் இடத்திற்குக் கொண்டு சென்றார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தி ஓடிற்று. மணிக்கூட்டில் பழுதில்லை. நிலவுலகம் நடுவில் சற்றுப் பருத்தும் துருவங்களில் சற்றுத் தட்டையாயும் இருத்தலாலும், தன்னைத்தானே சுழலுதலாலும், பூமத்திய ரேகையருகே ஈர்ப்பு சிறிது குறைவு. ஈர்ப்புக் குறையவே ஊசல் மெல்ல ஆடுகின்றது. தன்னாமுனையும் அவ்வெல்லைக்கு அண்மையிலுள்ள ஊரே. பாரிஸ் மணிக்கூட்டை அவ்வாறே கொண்டுவந்து இங்கே வைத்தால், அதுவும் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிந்தும். ஊசலைச் சிறிது குறுக்கினாலன்றி அது நம் ஊருக்கு உரியதாகாது. பிறநாட்டுப் பொருளாயினும் அறிவாயினும், நம் மண்ணுக்கு ஏற்பத் திருத்திக்கொண்ட பின்னரே நமக்குப் பயன்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி வேடிக்கை மணிக்கூடுகள். பறவைக்கூண்டு, படச்சட்டம் முதலிய வடிவங்களில் அமைந்த இவற்றைக் கண்டு, ‘நேரம் காட்டுவதற்கு இத்துணை ஆடம்பரம் எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. கேட்பதில் நியாயமும் உண்டு. ஒரு செல்வர் இத்தனை மணிக்கூடுகளை வாங்கிய காலத்தில், அவ்வரசின் உழவர் பலருக்குச் சேவலின் கூவலே மணிக்கூடாக இருந்தது. அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு மணிக்கூட்டின் அழகை மட்டும் புகழ்தல் நேர்மையாகாது.

ஆயினும், வேடிக்கைப் பொருள் வீண்பொருள் என்று தள்ளுவதும் பொருந்தாது. ஐரோப்பியக் கைவினைஞர் பொறிப்பறவையைப் பாடவைத்த விதத்தைப் பாருங்கள். உள்ளே சிறு துருத்தி ஒன்று காற்றை ஊதும். அக்காற்று சிறு குழலினுட் செல்லும். மேடுபள்ளமாகக் கடைந்த சக்கரம் ஒன்று சுழன்று, குழலின் அடைப்பை முன்னும் பின்னும் நகர்த்தி ஒலியை ஏற்றி இறக்கும். மேடுபள்ளத்தில் ஒரு பாட்டையே எழுதிவைக்கும் வித்தை இது. இத்தகைய பொறிப்பாவைகளைச் செய்து புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் வோக்கான்சன், 1745 அளவில் தாமே இயங்கும் தறியொன்றை அமைத்தார். அவர் வழியைப் பின்பற்றி, துளையிட்ட அட்டைகளால் நெசவின் கோலத்தை ஆளும் தறியை 1804இல் ஜக்கார்ட் அமைத்தார். அதே துளை அட்டை பின்னர்க் கணக்கிடும் பொறிகளுக்கும், இருபதாம் நூற்றாண்டில் கணினிக்கும் வழிகாட்டிற்று. விளையாட்டுப் பறவையின் குரலிலிருந்து கணினி வரை ஒரு நூல் ஓடுகின்றது.

கடலோடு வாழும் நம் பெரியவருக்கு இன்னும் ஒரு செய்தி இனிக்கும். கரை காணாத கடலில் தான் கிழக்கு மேற்காக எவ்வளவு தூரத்தில் உள்ளான் என்று மாலுமி அறிவது நெடுங்காலம் இயலாததாயிருந்தது. அதனை அறியாமையால் கப்பல்கள் பாறையில் மோதி மாண்டோர் பலர். புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைத் தவறாது காட்டும் மணிக்கூடு ஒன்று கப்பலில் இருந்தால், நண்பகலில் இரு நேரங்களையும் ஒப்பிட்டு இடத்தை அறியலாம். நான்கு நிமிட வேறுபாடு ஒரு பாகை. ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் உதவாது. 1714இல் ஆங்கிலப் பாராளுமன்றம் இதற்குப் பெரும் பரிசு அறிவித்தது. அறிஞர் பலர் கைவிட்ட வேலையை நிறைவேற்றியவர் ஜோன் ஹரிசன் என்னும் தச்சுத்தொழிலாளர். 1759இல் அவர் முடித்த நான்காவது மணிக்கூடு, ஜமெய்க்காவுக்குச் சென்ற எண்பத்தொரு நாட் பயணத்தில் ஏறக்குறைய ஐந்து விநாடியே பிந்திற்று. எத்தனையோ மாலுமிகளின் உயிரைக் காத்த கருவி, கையளவான ஒரு கடிகாரம்.

இப்பொழுது நூதனசாலையின் முற்றத்திற்கு வருவோம். அங்கே மக்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். மணி பன்னிரண்டை நெருங்குகின்றது. எல்லோர் கண்ணும் ஒரு மணிக்கூட்டின் மீது பதிந்திருக்கின்றன. அதுவே புகழ்பெற்ற இசை மணிக்கூடு. கல்கத்தாவில் தொழில் நடத்திய குக் அண்டு கெல்வி நிறுவனத்திடமிருந்து வாங்கப்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கொண்டது. அதிலே ஒரு கொல்லன் பொம்மை ஓயாது சம்மட்டியால் அடித்து விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றது. மணி நிறைவதற்குச் சற்று முன்னர், ஒரு கதவு திறக்கின்றது. தாடி வைத்த சிறிய காவலன் ஒருவன் வெளியே வருகின்றான். சேகண்டியை எத்தனை மணியோ அத்தனை முறை அடிக்கின்றான். மீண்டும் உள்ளே சென்று மறைகின்றான். கூடியிருந்தோர் கலைகின்றனர். பன்னிரண்டு மணிக்கே கூட்டம் மிகுதி. அப்பொழுதுதானே அவன் பன்னிரண்டு முறை அடிப்பான்!

அந்தக் கூட்டத்தில் நகரத்தாரும் நாட்டாரும் இருப்பர். பல மதத்தினரும் பல மொழியினரும் இருப்பர். பள்ளிப்பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பர். திவானின் விருந்தினர் மட்டுமே கண்ட காட்சியை இன்று யாரும் காணலாம். நம் பெரியவரும் கண்டு மகிழ்ந்திருப்பார். ஆனால் அவர் வாயிலிருந்து எழக்கூடிய கேள்வி வேறொன்று: “மனே, இதுக்கு ஆர் சாவி கொடுக்கிறது?”

எளிய கேள்விதான், ஆயினும் எல்லாக் கேள்விகளினும் பெரியது. வானத்து மணிக்கூட்டுக்குச் சாவி வேண்டா. மனிதன் செய்த மணிக்கூட்டுக்கோ யாரேனும் ஒருவர் நாள்தோறும், அன்றேல் வாரந்தோறும், மறவாது சாவி கொடுத்தல் வேண்டும். தூசு துடைத்து எண்ணெய் இடல் வேண்டும். கொடுத்தவர் பெயரைக் காண்போர் கேட்பதில்லை. அவர் கை ஓய்ந்தால் கொல்லனின் சம்மட்டியும் ஓய்ந்துவிடும்.

சாவி கொடுப்பதினும் அரிதான மற்றொன்று உண்டு. அஃது உடன்பாடு. ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் நண்பகல் உண்டு. இலங்கையில் இன்று வழங்கும் நேரம், கிழக்கு நெடுங்கோடு எண்பத்திரண்டரைப் பாகைக்கு உரியது. தன்னாமுனை அதற்குச் சற்று மேற்கே உள்ளது. ஆதலின் சராசரியாக, மணிக்கூட்டில் பன்னிரண்டு அடித்து மூன்று நிமிடத்திற்குச் சற்று மேலான பின்னரே அவ்வூர் வானில் கதிரவன் உச்சிக்கு வருவான். கொழும்பில் பத்து நிமிடத்திற்கு மேல் ஆகும். எனினும் எல்லோரும் ஒரே நேரத்தைக் கொள்வோம் என 1906ஆம் ஆண்டு முதலாக இத்தீவில் உடன்பாடு செய்யப்பட்டது. புகைவண்டி ஓடுவதும், பரீட்சை தொடங்குவதும், வானொலி பேசுவதும் அவ்வுடன்பாட்டினாலேயே. 1924ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பிரித்தானிய வானொலி, மணிநேரத்தை அறிவிக்கும் ஆறு சிற்றொலிகளை முதன்முதலாக ஒலிபரப்பியது. அதன் பின்னர் உலகின் பல பாகங்களிலும் மக்கள் வானொலியைக் கேட்டே தம் மணிக்கூட்டைத் திருத்தினர்.

அவ்வுடன்பாடு குலைந்தால் என்னாகும் என்பதை மட்டக்களப்பு மக்கள் அறிந்துள்ளனர். மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரைமணி பின்னே தள்ளப்பட்டது. 2006 ஏப்ரல் வரை அவ்வாறே நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலோ பழைய நேரமே வழங்கியது. படுவான்கரையின் பெரும்பகுதி அக்காலத்தில் அவ்வாறு இருந்தது. எனவே வாவியின் ஒரு கரையில் ஒரு நேரம். மறுகரையில் மற்றொரு நேரம். மறுகரைக்குச் செல்பவர் அக்கரையின் நேரத்தையும் கணக்கிட வேண்டியிருந்தது. ஒரே கதிரவன், ஒரே நீர், ஒரே மொழி. மணி மட்டும் இரண்டு. போர் மனிதரைப் பிரித்த பிரிவுகள் எத்தனையோ. நேரத்தையும் பிரித்தது என்பது பிற்காலத்தார் மறக்கக்கூடாத ஒன்று.

புதிய நேரம் பிள்ளைகளையும் வருத்தியது. தை மாதத்தில், புதிய கணக்குப்படி ஆறே முக்காலுக்குப் பின்னரே எழுவான்கரையில் பொழுது புலர்ந்தது. பாடசாலையோ ஏழரைக்கு. தொலைவிலிருந்து நடந்து வரும் சிறுவர் இருளிலே புறப்பட்டனர். அரசாங்கம் முள்ளை நகர்த்தலாம். கதிரவனை நகர்த்த இயலாது. நேரத்தை மாற்றுவோர், அந்நேரத்தால் யார் இருளில் நடப்பர் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

2006இல் பழைய நேரம் மீண்டது. 2009இல் போரும் முடிவுற்றது. 1875இல் நிகழ்ந்த வேல்ஸ் இளவரசரின் வருகையை நினைவுகூர எழுப்பப்பெற்ற யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம், போரிலே சிதைந்து பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்றது. ஓர் ஊர் தன் பொழுதைத் தானே மீண்டும் எண்ணத் தொடங்குவது, அவ்வூர் உயிரோடு உள்ளது என்பதற்கு அடையாளமன்றோ?

நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் கோவில்களிலும் தேவாலயங்களிலும் பழைய மணிக்கூடுகள் இன்னும் உள்ளன. சில நின்றுவிட்டன, சில மேல்மாடத்தில் தூசு படிந்து கிடக்கின்றன. இன்று குவாட்ஸ் கல்லின் அதிர்வினால் ஓடும் மலிவான கடிகாரம் அவற்றினும் நுட்பமாக நேரம் காட்டும். அதனால் பழையவை பயனற்றவை என்று எண்ணி எறிந்துவிடுகின்றோம். எறிவதற்கு முன்னர்ப் பின்கதவைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டலாம். பாரம் இறங்குவதையும், பல் தடுப்பதையும், ஊசல் ஆடுவதையும் ஒரு பிள்ளை கண்ணாரக் கண்டால், புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்ததினும் மேலாக அது மனத்தில் பதியும். பாடசாலையின் ஒரு மூலையில் ஒரு நீர்வட்டிலும், ஒரு நிழற்கம்பும், ஊசல் மணிக்கூடு ஒன்றும் வைத்தால் அதுவே ஒரு நூதனசாலை. அதற்குத் திவானின் செல்வம் வேண்டியதில்லை. நின்றுபோன மணிக்கூட்டை ஓடவைக்கத் தெரிந்த முதிய கைவினைஞர் உள்ளபோதே, அவரை அழைத்து அவ்வித்தையை இளைஞர் சிலர் கற்றுக்கொள்வதும் நன்று.

மீண்டும் தன்னாமுனைக்கு வருவோம். பொழுது சாய்கின்றது. நெய்தல் நிலத்திற்கு எற்பாடு என்னும் இவ்வந்திப் பொழுதைப் பழந்தமிழர் உரிமையாக்கினர். பெரியவர் தோணியைத் தள்ளுகின்றார். அவருக்கு மணி தேவையில்லை. ஆனால் அவருடைய பேரனுக்குத் தேவை. நாளைக் காலையில் அவன் பாடசாலை மணி அடிப்பதற்கு முன்னர் அங்கே நிற்க வேண்டும். வாவிக்கு அப்பாலிருந்து வரும் அவன் தோழனும் அதே நேரத்தில் நிற்க வேண்டும். இரு கரையிலும் மணி ஒன்றாக இருத்தல் வேண்டும். அதற்குச் சாவி கொடுக்கும் கடமை, பெரியவரின் கேள்விக்கு விடையாக, நம் எல்லோரையும் சார்ந்தது.